இந்தப் போட்டுக்கு ஆரு கணக்குப் பாத்த?

இந்தக் கிழமை ரெண்டு பேர் என்னை நல்லாக் கோபப்படுத்திட்டாங்க. ஆளை ஆள் தெரியாத ரெண்டு பேர்.

முதல் ஆள் போட் விக்கிறவர். மாளிகைக்காட்டுக் கரையில துண்டுப் பிரசுரம் குடுத்துட்டுப் போயிருக்கார். “கம்ப்யூட்டரில் வடிவமைக்கப்பட்ட நவீன மீன்பிடிப் படகு” எண்டு பெரிய எழுத்துல. படத்தைப் பாத்த உடனே என்ட மச்சான் சிரிக்கத் தொடங்கிட்டான். அணியத்துக்குக் கீழ, இடப் பக்கத்துல ஒரு சின்ன நெளிவு. அது என்னண்டு அவனுக்குத் தெரியும். சாய்ந்தமருதுல ஒரு போட்டு கல்லுல அடிபட்டு ஒட்டுப் போட்ட இடம் அது. அந்தப் போட்டுக்கு மேல மெழுகு பூசி அச்சு எடுத்திருக்காங்க. தழும்போட சேத்து!

(கம்ப்யூட்டர் தழும்பையும் வடிவமைச்சிருக்கு போல.)

ரெண்டாவது ஆள் கொழும்பில இருந்து கேமராவோட வந்த தம்பி. நல்ல பிள்ளை. எங்கட ஓடாவி அப்பா தோணிக்குப் பலகை இழைக்கிறதை வீடியோ எடுத்தார். பின்னால புல்லாங்குழல். “இவருக்குக் கணக்குத் தெரியாது, வரைபடம் தெரியாது, கடல் இவருடைய ரத்தத்தில் இருக்கிறது” எண்டு குரல் போகுது. ஓடாவி அப்பாக்கு போன்ல போட்டுக் காட்டினேன். முழுசாப் பாத்தார். மறுகா கேட்டார்:

“ரத்தத்துல இரிக்கெண்டா என்ட மகன் ஏன் மன டோஹாவுல ஏசி பழுது பாக்கான்?”

இந்தப் பதிவை எழுதச் சொன்னது அந்தக் கேள்விதான்.

ஓடாவி அப்பாட்ட ஒரு கமுகஞ் சிலாகை இருக்கு. அதுல கத்தியால வெட்டின குறிகள். இது ஏராவுக்கு, இது நடு அகலத்துக்கு, இது அணியம் எழும்புற உயரத்துக்கு, இது வங்கு வளைவுக்கு. தோணி ஒரு முழம் நீண்டா எந்தக் குறி எவ்வளவு நகரணும் எண்டு மனசுக்குள்ள கூட்டிப் பெருக்கிச் சொல்லுவார். இதைக் கணக்கு இல்ல எண்டு சொல்லுறது அந்த மனிசனைப் புகழுற மாதிரித் தெரியும். உண்மையில ஒரு படி கீழ இறக்கிற வேலை அது. கணக்குக் கொப்பியில இல்லாம சிலாகையில இருந்தாக் கலையாகிருமா?

நம்மட தமிழ்லயே கப்பல் சாத்திரம், நாவாய் சாத்திரம் எண்டு பழைய சுவடிகள் இருக்கு. அதுல அளவும் இருக்கு, சோதிடமும் இருக்கு. ரெண்டையும் ஒரே ஆள் ஒரே ஓலையில எழுதி வச்சிருக்கார். அவருக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. சங்கடமெல்லாம் நமக்குத்தான்.

வல்வெட்டித்துறைக் கதை தெரியும்தானே? 1930 வாக்குல அங்க கட்டின கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. வேப்ப மரம், 89 அடி. வில்லியம் ரொபின்சன் எண்டு ஒரு அமெரிக்கர் (32 அடி பாய்ப்படகுல உலகத்தைச் சுத்தின ஆள், சும்மா ஆள் இல்ல) அதைப் பாத்து ஆசைப்பட்டு வாங்கினார். மனைவிட பேரை வச்சார். வல்வெட்டித்துறை மாலுமிகளோட அது 1938ல மாசச்சூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்தது. கட்டினவங்க ஆரும் பொறியியல் பீடத்துல படிச்சவங்க இல்ல.

“பாத்தீங்களா, அப்ப கலைதான்!” எண்டு கேமராத் தம்பி துள்ளுவார். கொஞ்சம் பொறுங்க தம்பி.

சுவீடன்ல வாசா எண்டு ஒரு போர்க்கப்பல். அதையும் பரம்பரைக் கைப்பழக்கத்துலதான் கட்டினாங்க. ராசா பீரங்கியைக் கூட்டச் சொன்னார், கூட்டினாங்க. புறப்பட முன்னம் முப்பது பேரைத் தட்டுல இங்கிட்டும் அங்கிட்டும் ஓடவிட்டு ஆட்டிப் பாத்தாங்க. கப்பல் ஆடின ஆட்டத்துல தளபதி பயந்து ஓட்டத்தை நிப்பாட்டினார். கப்பலை நிப்பாட்டல்ல. 1628 ஆகஸ்ட் 10ஆம் திகதி வெளிக்கிட்டு, ஒண்டரைக் கிலோமீட்டர் கூடப் போகல்ல, துறைமுகத்துக்குள்ளயே கவுண்டுது.

கப்பல் ஏன் கவுழுது எண்டு சரியாக் கணக்குல சொன்னது பூகே எண்டு ஒரு பிரெஞ்சுக்காரர். 1746ல. வாசா தாண்டு நூறு வருஷத்துக்கு மேல போய்த்தான். அதுவும் அவர் கப்பல் கட்டப் போன ஆள் இல்ல. தென் அமெரிக்க மலைக்குப் பூமியை அளக்கப் போன ஆள், அந்த மலையில இருந்து எழுதினது. (கடலைப் பத்தின நல்ல புத்தகத்தை மலையில இருந்து எழுதியிருக்காங்க. நான் கடற்கரையில இருந்துக்கிட்டு இந்தப் பதிவைத்தான் எழுதுறேன்.)

சரி, நம்மட கரைக்கு வருவோம்.

மரத் தோணிக் காலத்துல என்ன நடந்தது? ஓடாவி ஒரு தோணி கட்டுவார். அதை ஒருத்தர் கடலுக்குக் கொண்டு போவார். வாடைக் காலம் முடிஞ்சு வந்து, “அப்பா, அணியம் தாழுது, அலையைக் குத்துது” எண்டு சொல்லுவார். அடுத்த தோணியில அணியம் ரெண்டு விரல் உயரும். அதுக்கடுத்ததுல பின்பக்கம் கொஞ்சம் அகலும். ஒவ்வொரு தோணியும் முந்தின தோணிக்குப் போட்ட திருத்தம். ஆய்வுகூடத்துல செய்யுற வேலை இதுதான். என்ன, ஆய்வுகூடம் எண்டு ஆரும் பேர்ப்பலகை மாட்டல்ல.

மறுகா ஃபைபர் வந்தது. 1970கள்ல காரைநகர் சீநோர் ஃபைபர் போட் கட்டின காலம் தொட்டு வடக்கு கிழக்கு முழுக்கப் பரவிச்சு. நல்ல சாமான்தான், குறை சொல்ல வரல்ல. உளுக்காது, புழு அரிக்காது, நாலு பேர் சேந்து கரையில இழுத்துப் போடலாம். ஆனா ஃபைபருக்கு அச்சு வேணும். அச்சு செய்யச் செலவு கூட. செலவு கூட எண்டா ஒருக்காச் செஞ்ச அச்சை ஆரும் மாத்த மாட்டாங்க. அச்சுப் பலகாரம் சுடுற மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அதே வடிவம் வந்துக்கிட்டே இருக்கும். அணியம் தாழுது எண்டு நீங்க போய்ச் சொன்னா, “எல்லாரும் இதத்தானே வாங்குறாங்க” எண்டு பதில் வரும்.

என்ட கட்சி இதுதான்: மரக் காலத்துல கணக்குப் பாக்காம ஒரு பிழை விட்டா, அது ஒரு தோணியோட போச்சு. அச்சுக் காலத்துல ஒரு பிழை ஊர் முழுக்கப் போகும். அதால கணக்கு ஆகத் தேவைப்படுறது இப்பதான். ஆகக் குறைவாப் பாக்குறதும் இப்பதான்.

அச்சை நடுவால வெட்டி, மூணு அடி சேத்து நீட்டுற வேலையும் நடக்குது. நீளம் கூடினா மீன் கூட ஏத்தலாம், உண்மை. ஆனா கவுழாம நிக்கிற பலம் நீளத்தால கூடுறது கொஞ்சம்தான். அதைத் தூக்கிப் பிடிக்கிறது அகலம். பாரம் மாறாம அகலத்தைப் பத்துல ஒரு பங்கு கூட்டினா, வடிவத்தால கிடைக்கிற பலம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடும். (அகலத்தை மூணு தரம் பெருக்கணும், அதுதான் கணக்கு.) சிங்கள ஆக்கள் ஓரு எண்ட தோணிக்குப் பக்கத்துல ஒரு மரத்தைத் தள்ளிக் கட்டி மிதக்க விட்டாங்களே, அவங்க பிடிச்சது இந்தச் சூத்திரத்தைத்தான். பூகேக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி.

இனி எங்கட ஆராய்ச்சிக் கதை.

என்ட மருமகன் (ராத்தாட மகன்) பொறியியல் படிக்கான். ஃப்ரீஷிப் எண்டு இலவச மென்பொருள் ஒண்டு இருக்கு, அதுல போட் வரையலாம். பிரசுரத்தைப் பாத்துட்டு, “மாமா, உண்மையிலயே கம்ப்யூட்டர்ல வரைஞ்சா எப்படி இருக்கும் எண்டு நான் காட்டுறேன்” எண்டான். அழகா வரைஞ்சான். கூர் அணியம், மெல்லிசான உடம்பு. பாத்தா ஓடத் தோணும். நான் ரெஜிபோம்ல அதே வடிவத்துல ஒரு சின்ன மாதிரி செதுக்கினேன். பக்கத்துல நம்மட தட்டை வயித்து ஃபைபர் போட் மாதிரி ஒண்டு. ரெண்டும் ஒரே நிறை.

எது லேசா ஓடும் எண்டு எப்படிப் பாக்குற? மீன் நிறுக்கிற தராசைக் கட்டி இழுத்தோம். முள்ளு அசையவே இல்ல, மாதிரி அவ்வளவு சின்னன். நூல்ல கல்லுக் கட்டித் தொங்கவிட்டு இழுக்கவிட்டோம், காத்துக் குழப்பிட்டு. கடைசியில மச்சான்தான் வழி சொன்னான். ஒரு நீளக் கம்பு. நடுவுல இழுக்கிற கயிறு. ரெண்டு நுனியிலயும் ஒவ்வொரு மாதிரி. எது பின்னால இழுபடுதோ அதுக்குத் தண்ணி கூடத் தடை. தராசும் வேணாம் ஒண்டும் வேணாம். கிட்டங்கித் தண்ணிக்குப் போய் இழுத்தோம். (முதலை இருக்கெண்டு சொல்லுவாங்க. அதால மச்சான்தான் தண்ணிக்குள்ள இறங்கினான், நான் கரையில நிண்டு தரவு சேகரிச்சேன்.)

மெதுவா இழுக்கக்குள்ள கூர் அணியம் முன்னுக்குப் போச்சு. மருமகன்ட முகத்துல சிரிப்பு. மறுகா மச்சான் ஓடி ஓடி இழுத்தான். தட்டை வயிறு தண்ணிக்கு மேல எழும்பி, கூர் அணியத்தைப் பின்னால விட்டுட்டுப் போச்சு. திரும்பத் திரும்ப அப்படித்தான்.

வீட்ட வந்து தேடினா, இதே சோலியை வில்லியம் ஃப்ரூட் எண்டு இங்கிலாந்துக்காரர் 1867ல டார்ட் ஆத்துல பாத்திருக்கார். ஒரு மாதிரிக்குப் பேர் அன்னம், மத்ததுக்குப் பேர் அண்டங்காகம். காகம் கூர், அன்னம் மொத்தை. மெதுவாப் போனாக் காகம் நல்லம், வேகமாப் போனா அன்னம் நல்லம். ஆகத் திறமான ஒரே வடிவம் எண்டு ஒண்டு இல்ல, என்ன வேகத்துல போகப் போறீங்க எண்டு முதல்ல சொல்லுங்க எண்டு அவர் நிரூபிச்சார். அதுக்குப் பிறகு டோர்க்கீல ஒரு நீளத் தொட்டி கட்டிக் குடுத்தாங்க. எங்களுக்கு ஆரும் தொட்டி கட்டித் தரல்ல.

அவர்ட கணக்குல இருந்து வந்த ஒரு சின்னச் சூத்திரம் உங்களுக்குச் சல்லி மிச்சம் பிடிக்கும். தண்ணிக்குள்ள புதைஞ்சு ஓடுற போட்டு, தான் கிளப்புற அலையிலயே மாட்டிக்கும். 18 அடி நீளம் தண்ணியில படுற போட்டுக்கு அந்த எல்லை மணிக்கு 5.7 கடல் மைல் வாக்குல. 28 அடிக்கு ஏழு. அதைத் தாண்டணும் எண்டா தண்ணிக்கு மேல எழும்பணும். பாரத்தோட எழும்ப ஏலாது. போகக்குள்ள வெறும் போட்டு எழும்பிப் பறக்கும். வரக்குள்ள மீனும் நனைஞ்ச வலையும். அப்பவும் எஞ்சினை முறுக்கிப் பிடிக்கிறவங்க வேகத்தை வாங்கல்ல, அலையைத்தான் வாங்குறாங்க. 2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூவாயில இருந்து ஒரே ராத்திரியில 340 ஆனதை மறந்திருக்க மாட்டீங்க. குல்பிரான்சன் எண்டு நோர்வேக்காரர் 1986லயே வங்காள விரிகுடாத் திட்டத்துக்கு இதைப் பத்தி எழுதி வச்சிருக்கார். அதுல முக்கியமான புத்தி: கொஞ்சம் மெதுவாப் போ. அதைக் கேட்டா நம்மட இளந்தாரிமாருக்குக் கோபம் வருது.

சரி, மருமகன்ட வரைபடத்தை எடுத்துக்கிட்டு ஓடாவி அப்பாட்டப் போனோம். லெப்டொப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தார்.

“வடிவாத்தான் இரிக்கி மகன். வலைய எங்க போடுற?”

“நடுவுல அப்பா.”

“நனஞ்ச வலையா, காஞ்ச வலையா?”

மருமகன் பேசல்ல. மென்பொருள்ல அந்தக் கட்டம் இல்ல.

“ரெண்டு பேர் ஒரு பக்கத்துல நிண்டு வலை இழுக்கக்குள்ள மத்தப் பக்கத்துல ஆரு இரிக்கிற? நம்மட கரையில குடா இல்ல, துறை இல்ல. அலை உடையிற இடத்தாலதான் ஏறி இறங்கணும். பின்னால இருந்து அலை தூக்கினா ஒண்ட இந்தக் கூர் மூக்கு மண்ணைக் குத்தும். குத்தினா?”

“பெரளும்” எண்டான் மருமகன் மெதுவா.

இதெல்லாம் கலை இல்ல. தரவு. கம்ப்யூட்டர் கேட்டா விடை சொல்லும், கேக்கிற கேள்வியை ஆரு குடுக்கிற? வலையை நனைச்சு நிறுத்து, ஆக்களை எழுப்பி நிக்கவச்சு அந்த இலக்கத்தைப் போட்டா அதுவும் சரியாச் சொல்லும். மருமகன் பிறகு போட்டுப் பாத்தான். அகலத்தைக் கூட்டு எண்டுதான் அதுவும் சொல்லிச்சு.

இப்ப ஓடாவி அப்பா கட்சிக்காரங்களுக்கு ஒரு கசப்பு மருந்து. மெதுவா ஆடுற போட்டு நல்ல போட்டு எண்டு கரையில நிறையப் பேர் நம்புறாங்க. “தொட்டில் மாதிரி ஆடும், அலுப்பே இல்ல” எண்டு சொல்லி வாங்குறாங்க. உடம்புக்குச் சுகம்தான். ஆனா தள்ளிவிட்டாச் சடார் எண்டு திரும்புற போட்டுக்குத்தான் பலம் இருக்கு. சோம்பலாத் திரும்புறது கவுழுறதுக்குக் கிட்ட நிக்கிற போட்டு. மேல கூரை அடிச்சு, தண்ணித் தாங்கி வச்சு, எண்ணெய்க் கேனெல்லாம் தட்டுல அடுக்கினா ஆட்டம் இன்னும் சுகமாகும். இந்த இடத்துல உடம்பு பொய் சொல்லும், கணக்குத்தான் உண்மை சொல்லும். ஓடாவி அப்பாக்கு இது தெரியும், அவர் கரையில கேக்கிறவங்களுக்குச் சொல்லுறது: “தாலாட்டுற தோணியில நித்திரை வரும். மறுகா எழும்ப ஏலா.”

கணக்குக் கூட்டமும் கைப்பழக்கக் கூட்டமும் ஒண்டா வேலை செஞ்ச இடமும் இருக்கு. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். 1980கள்ல கட்டுமரத்துக்குப் பதிலா ஒட்டுப்பலகையை வெட்டித் தைச்சு ஒட்டுற சின்ன வள்ளங்கள் கட்டினாங்க. முதல் வரைபடங்கள் எட்வின் கிஃபோர்ட் எண்டு இங்கிலாந்துப் பொறியியலாளர்ட. வந்தது ஷூமாக்கர் தொடங்கின அமைப்பு வழியா, ‘சிறியதே அழகு’ எழுதின அதே ஷூமாக்கர். மீனவர் ஏறிப் பாத்தாங்க, குறை சொன்னாங்க, வடிவம் மாறிச்சு, திரும்ப ஏறினாங்க, திரும்ப மாறிச்சு. அந்த அனுபவத்தை எழுதின பியர் கில்லே தன்ட புத்தகத்துக்கு வச்ச பேர் ‘சிறியது கடினம்’. ஷூமாக்கருக்கு இதைவிட நல்ல பதில் இல்ல.

நம்மட கரையில அப்படி நடந்திருக்கலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது... எழுதக் கை வராது. அம்பாறை மாவட்டத்துல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல மௌத்து, இலங்கையிலேயே ஆகக் கூட. போட்டெல்லாம் போச்சு. உலகம் சல்லி அனுப்பிச்சு, மறுகா போட்டா வந்து குமிஞ்சுது. பேரும் சின்னமும் பெரிசா எழுதின போட்டுகள். சிலது தொட்டா வளையுற மெல்லிசு. சிலது நாலு பேரால கரையேத்த ஏலாத பாரம். தரம் இல்லாத போட்டு குடுக்க வேணாம் எண்டு ஐ.நா. உணவு விவசாய அமைப்பே அப்ப எச்சரிச்சது. ஒரு தலைமுறைக்குத் தேவையான அச்சுகள் எல்லாம் அந்த ஒண்டு ரெண்டு வருஷத்துல அவசரத்துல செஞ்சது. நிதானமா ஒரு வருஷம், நாலு கரையில, ஓடாவிகளையும் வச்சுக்கிட்டுச் செஞ்சிருந்தா இண்டைக்கு இந்தப் பதிவு தேவையில்ல.

(ஒலுவில் துறைமுகம் பத்தி எழுதச் சொல்லிக் கேக்காதீங்க. 2013ல திறந்தாங்க. வாயில மண் மூடுது, வடக்கால கரையைக் கடல் தின்னுது. மண் எந்தப் பக்கத்தால எந்தப் பக்கத்துக்குப் போகுது எண்டு கரைவலைக்காரன்ட்டக் கேட்டிருந்தா... வேணாம், அது தனிப் பதிவு.)

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்துக்குப் போனா, நாகூர் நாயகம் கப்பல் ஓட்டையைக் கண்ணாடியால அடைச்ச கதையை ஆரும் ஒருத்தர் சொல்லுவாங்க. நல்ல கதை. நம்பிக்கையும் இருக்கட்டும். போட்டு வாங்கக்குள்ள மட்டும் பின்வாறதைச் செஞ்சு பாருங்க, சல்லி ஒண்டும் செலவாகாது.

வெள்ளிக்கிழமை ஆரும் கடலுக்குப் போறல்ல, அண்டைக்குச் செய்யலாம். அலை இல்லாத தண்ணியில போட்டை விடுங்க. வலை, எஞ்சின், எண்ணெய், ஆக்கள் எல்லாம் ஏத்துங்க. கயிறை இளக்கிக் கட்டி, பக்கத்தால அமத்தி ஆட்டிவிடுங்க. ஒரு பக்கத்துல இருந்து போய்த் திரும்ப அதே பக்கம் வாறது ஒரு ஆட்டம். நாலஞ்சு ஆட்டத்துக்குப் போன்ல நேரம் பிடிச்சு, வகுத்து, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை செக்கன் எண்டு பாருங்க. போட்டுட ஆகக் கூடின அகலத்தை மீட்டர்ல அளங்க. செக்கன் மீட்டரை விடக் குறைவா இருக்கணும். 1.8 மீட்டர் அகலமான போட்டு 1.8 செக்கனுக்குள்ள திரும்பணும். இது மீன்பிடிப் போட்டுகளுக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற குத்துமதிப்பு, முழுக் கணக்கு இல்ல. ஆனா இதுல தவறுற போட்டுக்கு முற்பணம் குடுக்காதீங்க.

விக்கிறவர் ஆட்டிப் பாக்க விடல்லண்டா, கம்ப்யூட்டர் தாளைக் காட்டச் சொல்லுங்க. நனைஞ்ச வலைட நிறை அதுல எந்த வரியில இருக்கெண்டு கேளுங்க. அவர் சொன்ன பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்க.